பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

பேட்டி, கூட்டம், வகுப்பு, சொற்பொழிவு என எதையாவது பதிவு செய்துவிட்டு அதைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருளைத் தேடுபவர்கள் பெரும்பாலும் ஒரே வழியில்தான் போகிறார்கள். "சிறந்த பத்து மென்பொருள்கள்" என்ற பட்டியலைப் படிக்கிறார்கள். முதலில் இருப்பதில் ஒரு நிமிடம் தாங்களே பேசிப் பார்க்கிறார்கள். நன்றாக வருகிறது. சந்தா கட்டிவிடுகிறார்கள். அப்புறம் உண்மையான பதிவைக் கொடுத்தால் பெயர்கள் சிதைகின்றன, இருவர் பேசியது ஒருவர் பேசியதாகிறது, நடுவில் ஒரு பத்தியே காணாமல் போகிறது. திருத்தி முடிப்பதற்குள் கையாலேயே எழுதியிருக்கலாம் என்று ஆகிவிடுகிறது.

மென்பொருளைத் தேடுவது இதில் ஐந்தாவது வேலை. அதற்கு முன்னால் உள்ள நான்கையும் முடித்துவிட்டால் தேர்வு பாதிக்கு மேல் தானாகவே நடந்துவிடும். அளக்க வேண்டியதும் ஒன்றுதான்: ஒலிப்பதிவு கைக்கு வந்ததிலிருந்து, நம்பி இன்னொருவருக்கு அனுப்பக்கூடிய எழுத்து தயாராகும்வரை உங்கள் நேரம் எவ்வளவு போகிறது. விளம்பரத்தில் இருக்கும் துல்லியச் சதவீதம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

நீங்கள் உண்மையிலேயே எழுத்தாக்கப் போகிற மாதிரியான ஒலிப்பதிவுகள் மூன்று நான்கு. அவை மூலக் கோப்புகளாக இருக்க வேண்டும். மெசேஜ் ஆப்களில் கைமாறி வந்த நகல் வேண்டாம்; பல ஆப்கள் அனுப்பும்போதே ஒலியைச் சுருக்கிவிடும்.

காதை மூடும் ஹெட்போன் ஒன்று. லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டு எழுதினால் சொல்லின் கடைசி அசை தப்பிப்போகும். தமிழில் எதிர்மறையும் கேள்வியும் பெரும்பாலும் அந்தக் கடைசி அசையில்தான் இருக்கின்றன.

ஒரு விரிதாள், நேரம் பார்க்க ஒரு ஸ்டாப்வாட்ச், பதிவுகளில் வரும் ஆட்கள், ஊர்கள், நிறுவனங்கள், துறைச் சொற்கள் அடங்கிய ஒரு பட்டியல். அவ்வளவுதான். இதற்கென ஒரு நாள் ஒதுக்குங்கள். அவசர வேலைக்கு நடுவே மென்பொருள் தேடினால், முதலில் கிடைத்ததை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் அவதிப்பட நேரும்.

1. முடிவில் என்ன வேண்டும் என்று எழுதிக்கொள்ளுங்கள்

"எழுத்து வேண்டும்" என்பது போதாது. யார் படிக்கப் போகிறார்கள், எதற்காக?

வீடியோவுக்கு சப்டைட்டில் என்றால் நேரக்குறிகள் சரியாக விழுவது முக்கியம். ஆய்வுக்கான பேட்டி என்றால் "ம்", "வந்து" போன்ற இழுப்புகளும் தயக்கங்களும்கூட வேண்டியிருக்கலாம். கூட்டக் குறிப்பு என்றால் யார் என்ன சொன்னார் என்பது தெரிந்தால் போதும். சொல்லுக்குச் சொல் தேவையில்லை. பழைய பதிவுகளின் குவியலில் எதையோ தேடிக் கண்டுபிடிப்பதற்காக என்றால், பத்தில் இரண்டு சொல் தப்பாக இருந்தாலும் வேலை நடக்கும்.

இதை முதலில் எழுத ஒரு காரணம் உண்டு. பல மென்பொருள்கள் தயக்கச் சொற்களையும் திரும்பச் சொன்னவற்றையும் தாமாகவே நீக்கி அழகான வாக்கியமாகத் தருகின்றன. கூட்டக் குறிப்புக்கு அது வரம். வாக்குமூலத்துக்கும் மொழி ஆய்வுக்கும் அது பதிவையே கெடுப்பது. ஒரே வெளியீட்டை ஒருவர் சிறந்தது என்றும் இன்னொருவர் பயனற்றது என்றும் சொல்வதற்கு இந்த வேறுபாடே காரணம்.

இன்னொரு கேள்வியும் இங்கேயே முடிவாகட்டும்: பேசப்பேச எழுத்து வர வேண்டுமா, பதிவு முடிந்தபின் வந்தால் போதுமா? நேரலையில் மென்பொருளுக்கு அடுத்து வரப்போகும் சொல் தெரியாது. முழுப் பதிவையும் கொடுத்தால் முன்னும் பின்னும் பார்த்து முடிவெடுக்கும். நேரலை தேவையில்லை என்றால் அதற்காகத் துல்லியத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

2. ஒலிப்பதிவு உங்கள் கணினியை விட்டு வெளியே போகலாமா?

இந்தக் கேள்வியைப் பலரும் கடைசியில் கேட்கிறார்கள். அதற்குள் பதிவு யாரோ ஒருவருடைய சர்வருக்குப் போய்விட்டிருக்கும். சோதனைக்கு ஏற்றியதும் ஏற்றியதுதான், திரும்ப எடுக்க முடியாது.

நோயாளி, வழக்கறிஞரின் கட்சிக்காரர், மாணவர், பெயர் வெளியிடாமல் பேச ஒப்புக்கொண்டவர் என யாருடைய குரலாவது அதில் இருந்தால், அவர்கள் எதற்குச் சம்மதித்தார்கள் என்று பாருங்கள். பதிவு செய்யச் சம்மதித்தவர், அதை வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கவும் சம்மதித்தார் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

இணையம் வழியே நிறுவனத்தின் சர்வரில் ஓடும் கிளவுட் சேவையாக இருந்தால் மூன்றைத் தேடிப் படியுங்கள்: ஒலியை எத்தனை நாள் வைத்திருப்பார்கள், தங்கள் மாடலை (பேச்சைக் கேட்டு எழுதப் பழக்கப்பட்ட நிரலை)ப் பயிற்றுவிக்க அதைப் பயன்படுத்துவார்களா, நீங்கள் அழித்தால் அவர்களிடமும் அழியுமா. இலவசத் திட்டத்துக்கும் கட்டணத் திட்டத்துக்கும் விதிகள் வேறாக இருக்கலாம். நீங்கள் பயன்படுத்தப் போகும் திட்டத்தின் விதியைத்தான் படிக்க வேண்டும்.

"வெளியே போகக்கூடாது" என்பது விடையானால், உங்கள் கணினியிலேயே ஓடும் மென்பொருள்கள் மட்டுமே மிஞ்சும். தேர்வு சுருங்குவது நல்லதுதான்.

3. கடினமான மாதிரியை வெட்டி எடுங்கள்

மொத்தம் பத்து நிமிடம் போதும். ஆனால் ஒரே பதிவின் முதல் பத்து நிமிடத்தை எடுக்காதீர்கள். தொடக்கத்தில் எல்லோரும் மைக்குக்கு நேராக உட்கார்ந்து நிதானமாகப் பேசுவார்கள். பேச்சு சூடுபிடித்தபின் நிலைமை வேறு.

இரண்டு இரண்டு நிமிடமாக ஐந்து துண்டுகள் எடுங்கள். தெளிவாக ஒருவர் பேசுவது ஒன்று. இருவர் குறுக்கிட்டுப் பேசுவது ஒன்று. பெயர்களும் எண்களும் நிறைய வருவது ஒன்று. தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசுவது ஒன்று. மின்விசிறி, போக்குவரத்து, எதிரொலி என்று ஒலி மோசமாக இருப்பது ஒன்று. வேகமாகப் பேசுபவர், வயதானவர், அழுத்தமான வட்டார வழக்கு உள்ளவர் ஆகியோரில் யார் உங்கள் வேலையில் அடிக்கடி வருகிறாரோ அவருடைய குரல் மாதிரியில் இருந்தே ஆக வேண்டும்.

ஏன் உங்கள் ஆட்களின் குரலே வேண்டும்? 2020-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, அமேசான், ஆப்பிள், கூகுள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட் ஆகிய ஐந்தின் கருவிகளையும் சோதித்தது. வெள்ளையர் பேச்சில் சொல் பிழை சராசரியாக 19 சதவீதம். கறுப்பினத்தவர் பேச்சில் 35 சதவீதம். மொழி ஒன்று, கருவிகளும் அதே கருவிகள். யார் பேசுகிறார்கள் என்பதால் மட்டும் பிழை கிட்டத்தட்ட இரட்டிப்பானது. வேறொருவர் தன் பதிவை வைத்துச் சொல்லும் துல்லியம் உங்களுக்குப் பொருந்தாமல் போக இதுவே போதும்.

4. கையால் விடைத்தாள் எழுதுங்கள்

எல்லோரும் தாண்டிக் குதிக்க நினைக்கும் படி இது. அந்தப் பத்து நிமிடத்தையும் நீங்களே கேட்டுச் சரியாக எழுதுங்கள். ஒரு மணி நேரப் பேச்சைக் கையால் எழுத நான்கு மணி நேரமாவது ஆகும் என்பது பொதுவான கணக்கு. கடினமான துண்டுகள் என்பதால் பத்து நிமிடத்துக்கு ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏதாவது ஒரு மென்பொருளின் வெளியீட்டை எடுத்துத் திருத்தி அதையே விடைத்தாளாக்கும் குறுக்குவழி வேண்டவே வேண்டாம். எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே கேட்டால், காதுக்கும் அதுவே கேட்கும். அந்த மென்பொருளின் பிழைகள் விடைத்தாளுக்குள் புகுந்து, சோதனையில் அதற்கே கூடுதல் மதிப்பெண் வாங்கித் தந்துவிடும்.

எழுதத் தொடங்கும் முன் சில விதிகளை முடிவுசெய்து விரிதாளின் மேலே எழுதுங்கள். "வந்துட்டாரு" என்று பேசியதை அப்படியே எழுதுவதா, "வந்துவிட்டார்" என்று எழுதுவதா? "மீட்டிங்" என்பதைத் தமிழ் எழுத்தில் எழுதுவதா, ஆங்கில எழுத்திலா? "இருபத்தைந்து" என்பது எழுத்திலா, 25 என்றா? எந்த விடையும் தவறில்லை. ஆனால் விதி ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மென்பொருள் சரியாகக் கேட்டு எழுதியதைக்கூடப் பிழை என்று எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

5. இப்போது மென்பொருள்களைத் தேடுங்கள், மூன்று போதும்

சந்தையில் பெயர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் பல, உள்ளே ஒரே மாடலை வைத்துக்கொண்டு வெளியே வேறு முகம் காட்டுபவை. அதனால் வகைக்கு ஒன்று எடுப்பதே நல்லது.

முதல் வகை, உங்கள் கணினியிலேயே ஓடுபவை. ஓப்பன்ஏஐ 2022 செப்டம்பரில் திறமூலமாக வெளியிட்ட விஸ்பர் இதில் பரவலானது. இலவசம், வணிக வேலைக்கும் பயன்படுத்தலாம். டைனி, பேஸ், ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று அளவுகள் உண்டு. டைனி, பேஸ் இரண்டுக்கும் 1 ஜிபி அளவு கிராபிக்ஸ் நினைவகம் போதும். மீடியத்துக்குச் சுமார் 5, லார்ஜுக்குச் சுமார் 10 ஜிபி வேண்டும். அதே மாடலைக் குறைந்த நினைவகத்தில் வேகமாக ஓட்டித் தரும் ஃபாஸ்டர் விஸ்பர், கிராபிக்ஸ் அட்டை இல்லாத சாதாரண கணினியின் சிபியுவிலும் ஓடும் விஸ்பர் சிபிபி ஆகியவையும் இலவசம். கட்டளைகளைத் தட்டச்சு செய்து மென்பொருளை இயக்கும் கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளின் உள்ளிருந்தே விஸ்பரை இயக்கலாம்.

இங்கே புதியவர்கள் சறுக்குவது ஒன்று உண்டு. டைனி, பேஸ் அளவுகளில் ஓட்டிப் பார்த்துவிட்டு "விஸ்பருக்குத் தமிழ் வராது" என்று விட்டுவிடுகிறார்கள். முதல் விஸ்பரின் பயிற்சிக்குப் பயன்பட்ட 680,000 மணி நேர ஒலியில், ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளை எழுத்தாக்கும் பகுதி எல்லாம் சேர்ந்தே 117,000 மணி நேரம்தான். பயிற்சி குறைவாக உள்ள மொழியில் மாடலின் அளவு பெரிய வித்தியாசத்தைக் காட்டும். ஆங்கிலத்துக்கு ஸ்மால் போதுமென்று யாராவது சொன்னால், அது ஆங்கிலத்துக்கு மட்டுமே. தமிழுக்கு லார்ஜிலிருந்து தொடங்கி, தாங்க முடியாத அளவு மெதுவாக இருந்தால் மட்டும் கீழே இறங்குங்கள்.

இரண்டாம் வகை, பெரிய நிறுவனங்களின் கிளவுட் சேவைகள். கூகுள், மைக்ரோசாஃப்ட், அமேசான் மூன்றும் தமிழை ஏற்கின்றன. உங்களுடைய சொற்பட்டியலை முன்கூட்டியே கொடுக்கும் வசதியும் உண்டு. பெயர்கள் நிறைய வரும் வேலைக்கு இது பெரிய உதவி. ஆனால் ஒரு சேவை தரும் எல்லா வசதிகளும் எல்லா மொழிக்கும் இருக்காது. பேச்சாளர் பிரிப்பு, நிறுத்தக்குறி, சொற்பட்டியல் ஆகியவற்றில் எவை தமிழுக்கு உண்டு என்று அவர்களின் மொழி அட்டவணையில் தனித்தனியாகப் பாருங்கள். "100 மொழிகள்" என்ற தலைப்பு வரியை நம்பி இறங்காதீர்கள்.

மூன்றாம் வகை, குறிப்பிட்ட மொழிகளுக்கென்றே பயிற்றுவிக்கப்பட்ட மாடல்கள். இந்திய மொழிகளுக்கு சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் ஆய்வுக் குழு வெளியிட்டவை அப்படிப்பட்டவை. நிறுவிக்கொள்ளக் கொஞ்சம் தொழில்நுட்பத் துணிவு வேண்டும். வட்டாரப் பேச்சு அதிகமென்றால் அந்தச் சிரமம் பலன் தரலாம். உங்கள் மாதிரியில் சோதித்தால் தெரிந்துவிடும்.

6. ஒலியைச் சோதனைக்குத் தயார் செய்யுங்கள்

மூன்று மென்பொருளுக்கும் ஒரே கோப்பைக் கொடுக்க வேண்டும். ஒலியை விநாடிக்கு எத்தனை முறை அளந்து பதிவது என்ற வீதம் 16 கிலோஹெர்ட்ஸ் (16,000 முறை), ஒற்றைச் சேனல் (மோனோ), வேவ் அல்லது ஃபிளாக் வடிவம். பெரும்பாலான மாடல்கள் உள்ளே 16 கிலோஹெர்ட்ஸில்தான் வேலை செய்கின்றன. அதற்கு மேல் கொடுத்தாலும் தாங்களே குறைத்துக்கொள்ளும். ஆடாசிட்டி என்ற இலவச ஒலித் திருத்த மென்பொருளில் இந்த மாற்றம் ஒரு நிமிட வேலை.

தொலைபேசிப் பதிவு 8 கிலோஹெர்ட்ஸில் இருந்தால் அதை 16 ஆக்குவதால் எதுவும் திரும்பி வராது. அந்த வீதத்தில் பாதி அதிர்வெண் வரைதான் பதிவாகும் என்பதால், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இருந்த ஒலி பதிவாகவே இல்லை. ச, ஸ, ஷ போன்ற உரசொலிகளின் அடையாளம் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. இப்படிப்பட்ட பதிவுகள்தான் உங்கள் வேலை என்றால், தொலைபேசி ஒலிக்கென்றே தனி மாடல் வைத்திருக்கும் சேவையைச் சோதனையில் சேருங்கள்.

இரைச்சலை நீக்கிவிட்டுக் கொடுத்தால் நன்றாக வரும் என்று தோன்றும். பல நேரம் நேர்மாறாக நடக்கும். இன்றைய மாடல்கள் இரைச்சலோடு இருக்கும் பேச்சிலேயே பயிற்சி பெற்றவை. நீக்கும் கருவியோ இரைச்சலோடு மெய்யெழுத்துகளின் ஓரத்தையும் சேர்த்து அரித்துவிடுகிறது. முதலில் அப்படியே கொடுங்கள். பிறகு நீக்கியதைக் கொடுத்து ஒப்பிடுங்கள்.

7. அமைப்புகளைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள்

மொழியை நீங்களே தேர்ந்தெடுங்கள், "தானாகக் கண்டறி" என்று விடாதீர்கள். விஸ்பர் முதல் 30 விநாடியை வைத்தே மொழியை முடிவுசெய்கிறது. பதிவு இசையிலோ ஓர் ஆங்கில வரவேற்பிலோ தொடங்கினால் முழுப் பேச்சும் வேறு மொழியாகக் கருதப்பட்டு, தமிழ்ப் பேச்சு ஆங்கில வாக்கியங்களாக வந்து நிற்கும்.

எழுத்தாக்கம், மொழிபெயர்ப்பு என்று இரண்டு தெரிவுகள் இருந்தால் எது தேர்வாகியிருக்கிறது என்றும் பாருங்கள். "தமிழில் பேசினால் ஆங்கிலத்தில் வருகிறது" என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு அமைப்புகளோடு தீர்ந்துவிடும்.

பேச்சு இல்லாத இடங்களைத் தாண்டிப்போகும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். நீண்ட மௌனத்தில் இவ்வகை மாடல்கள் சும்மா இருப்பதில்லை. யாரும் சொல்லாத நன்றியுரையையோ ஒரே வரியைத் திரும்பத்திரும்பவோ எழுதிவிடும்.

முதல் ஓட்டத்தைச் சொற்பட்டியல் இல்லாமல் செய்யுங்கள். இரண்டாவதில் சேருங்கள். பட்டியல் உண்மையில் எவ்வளவு உதவுகிறது என்று தெரிய வேறு வழியில்லை. சில கருவிகளில் பட்டியல் நீளமானால், பேசாத பெயர்கள்கூட வெளியீட்டில் முளைக்கத் தொடங்கும். விஸ்பரில் இப்படிக் கொடுக்கும் முன்குறிப்புக்கு நீள வரம்பு உண்டு. அதனால் தவறாக வரும் பெயர்களை மட்டும் கொடுங்கள்.

8. பிழையை எண்ணுங்கள், ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்

உலகெங்கும் பயன்படும் அளவு சொல் பிழை வீதம். மாற்றி எழுதிய சொற்கள், விட்டுவிட்ட சொற்கள், இல்லாமல் சேர்த்த சொற்கள் மூன்றையும் கூட்டி, விடைத்தாளில் உள்ள மொத்தச் சொற்களால் வகுக்க வேண்டும். 1,000 சொல்லில் 60 மாறி, 25 விடுபட்டு, 15 கூடுதலாக வந்திருந்தால் பிழை 10 சதவீதம். இல்லாததைச் சேர்ப்பதும் கணக்கில் வருவதால் இது 100 சதவீதத்தைத் தாண்டவும் முடியும்.

தமிழுக்கு இந்த அளவை அப்படியே எடுத்தால் ஏமாந்துபோவோம். விடைத்தாளில் "போக வேண்டும்" என்று இருந்து, மென்பொருள் "போகவேண்டும்" என்று சேர்த்து எழுதினால், ஒரு சொல் மாறியது, ஒன்று விடுபட்டது என இரண்டு பிழைகள். இரண்டு சொல்லில் இரண்டு பிழை. படிப்பவருக்கோ எந்தக் குறையும் இல்லை. சந்தியில் ஓர் ஒற்று விட்டுப்போனாலும் முழுச் சொல்லும் பிழையாகிறது. அதனால் எழுத்து அளவிலும் ஒருமுறை கணக்கிடுங்கள். மேலே சொன்ன இடத்தில் வேறுபாடு ஒரே ஓர் இடைவெளிதான். இரண்டு மென்பொருள்களில் ஒன்று சொல் கணக்கில் மோசமாகவும் எழுத்துக் கணக்கில் நன்றாகவும் இருந்தால், அது சரியாகக் கேட்கிறது, எழுதும் முறைதான் வேறு என்று பொருள்.

கணக்கிடும் முன் நிறுத்தக்குறிகளை நீக்கிவிடுங்கள். எண்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். பைத்தான் நிரல்மொழி தெரிந்தவர்களுக்கு இதைச் செய்துதரும் இலவச நிரல்கள் உண்டு. தெரியாதவர்கள் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றைக் கையால் எண்ணினாலே போதிய அளவுக்குத் தெரிந்துவிடும்.

இனிதான் முக்கியமான பகுதி. பிழைகளை வகை பிரியுங்கள்.

கண்ணில் படும் பிழைகள் உண்டு. அர்த்தமில்லாத ஒரு சொல் வரியின் நடுவே நிற்கும். பார்த்ததும் தெரியும், ஒலியைக் கேட்டுத் திருத்திவிடலாம். இவை எத்தனை இருந்தாலும் ஆபத்து குறைவு.

பொருளைப் புரட்டும் பிழைகள் வேறு. பேச்சில் "வேணும்" என்பதற்கும் "வேணாம்" என்பதற்கும் ஓர் உயிர் ஒலிதான் வித்தியாசம். "பதினேழு" "பதினெட்டு" ஆகலாம். "செய்யலாமா" என்ற கேள்வி "செய்யலாம்" என்ற முடிவாகலாம். வாக்கியம் இலக்கணமாக இருப்பதால் திருத்துபவர் நிற்காமல் போய்விடுவார். ஒரு மருந்தின் அளவோ ஓர் ஒப்பந்தமோ இப்படி மாறினால் அதன் விளைவைச் சுமப்பவர் ஒரு மனிதர். எண்ணிக்கையில் இவை ஒன்றிரண்டாக இருந்தாலும் தேர்வைத் தீர்மானிக்க வேண்டியவை இவைதான்.

கண்டுபிடிக்கவே கடினமானவை மென்பொருள் விட்டுவிட்ட வாக்கியங்களும் தானாகப் புனைந்தவையும். 2024-ல் வெளியான ஓர் ஆய்வு, விஸ்பர் எழுத்தாக்கிய துண்டுகளில் சுமார் 1 சதவீதத்தில் ஒலியில் இல்லவே இல்லாத சொற்றொடர்கள் இருந்ததைக் காட்டியது. நடுவே நீண்ட இடைவெளி விட்டுப் பேசுபவர்களின் பதிவுகளில் இது கூடுதலாக இருந்தது. உங்கள் விடைத்தாளோடு ஒப்பிடும்போது ஒரு முழு வாக்கியம் விடுபட்டதா, புதிதாக வந்ததா என்று தனிக் கட்டத்தில் குறியுங்கள். சரளமாக எழுதுகிற மாடலிடம்தான் இந்தக் கவனம் கூடுதலாகத் தேவை.

9. திருத்தும் நேரத்தை அளவிடுங்கள்

ஒவ்வொரு வெளியீட்டையும் எடுத்து, ஸ்டாப்வாட்ச்சைத் தட்டிவிட்டு, நீங்கள் அனுப்பத் தயங்காத நிலைக்குக் கொண்டுவாருங்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் வெவ்வேறு துண்டைத் திருத்துங்கள், அல்லது இரண்டு பேர் மாறிமாறிச் செய்யுங்கள். ஒரே துண்டை மூன்று முறை திருத்தினால் மூன்றாவது தானாகவே வேகமாக முடியும். அதற்குக் காரணம் உங்கள் ஞாபகம்.

நான் பார்த்தவரை இந்தப் படியில்தான் வரிசை தலைகீழாகிறது. பிழை கொஞ்சம் அதிகமுள்ள மென்பொருள், நல்ல திருத்தும் பலகை வைத்திருந்தால் முந்திவிடும். சொல்லைச் சொடுக்கினால் அந்த இடத்து ஒலி கேட்க வேண்டும். விசைப்பலகையிலேயே நிறுத்தி, மூன்று விநாடி பின்னால் போய், மெதுவாக ஓட்ட முடிய வேண்டும். நம்பிக்கை குறைந்த சொற்கள் நிறம் மாறித் தெரிந்தால் இன்னும் நல்லது. ஒரு பெயரை ஒரு இடத்தில் திருத்தினால் எல்லா இடத்திலும் மாற்றித் தர வேண்டும்.

திருத்த எடுத்த நேரம் கையால் எழுதிய நேரத்தில் பாதிக்கு மேல் போனால், அந்த வகைப் பதிவுக்கு அந்த மென்பொருள் வேண்டாம். பிழையைத் தேடும் வேலை, எழுதும் வேலையைவிட அதிகம் களைப்பாக்கும். களைத்தவர் கண்ணில் பொருள் புரட்டும் பிழைகள் படுவதில்லை.

10. பேச்சாளர் பிரிப்பும் நேரக்குறியும்

ஒருவர் மட்டும் பேசும் பதிவுகள் என்றால் இந்தப் படியைத் தாண்டிவிடலாம்.

யார் பேசினார் என்று பிரிப்பது எழுத்தாக்கத்திலிருந்து வேறான வேலை. விஸ்பர் அதைத் தானாகச் செய்யாது. விஸ்பர்எக்ஸ் போன்றவை இன்னொரு மாடலைக் கூட்டிச் சேர்த்துத்தான் செய்கின்றன. வெளியீட்டில் "பேச்சாளர் 1, பேச்சாளர் 2" என்றுதான் வரும், பெயரை நீங்கள்தான் போட வேண்டும். எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்ல இடமிருந்தால் சொல்லிவிடுங்கள்; ஊகிக்க விட்டால் ஒருவரே குரலை உயர்த்தும்போது இன்னொரு ஆளாகிவிடுவார்.

ஆளுக்கொரு மைக் வைத்து, தனித்தனிச் சேனலில் பதிவு செய்ய முடிந்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துபோகும். அப்படிப்பட்ட பதிவை 6-ஆம் படியில் ஒற்றைச் சேனலாகக் கலந்துவிடாதீர்கள். ஒவ்வொரு சேனலையும் தனிக் கோப்பாகப் பிரித்துக் கொடுங்கள்.

சப்டைட்டில் செய்பவர்கள் எந்த வடிவத்தில் வெளியே எடுக்க முடியும் என்று பார்க்க வேண்டும். எஸ்ஆர்டி, விடிடி இரண்டும் பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும், மில்லிவிநாடிக்கு முன் முதலாவதில் காற்புள்ளி, இரண்டாவதில் புள்ளி. கோப்பின் பெயரை மட்டும் மாற்றி ஏற்றினால் சில தளங்கள் ஏற்காது.

11. செலவுக் கணக்கு

மாதத்துக்கு எத்தனை மணி நேரப் பதிவு வரும் என்று முதலில் எழுதுங்கள். பிறகு கட்டண விதியின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். ஒவ்வொரு கோப்பின் நீளத்தையும் எத்தனை விநாடிக்கு அல்லது நிமிடத்துக்கு மேல்நோக்கி முழுமையாக்கிக் கட்டணம் போடுகிறார்கள்? ஸ்டீரியோ கோப்பின் இரண்டு சேனலுக்கும் தனித்தனியாக வாங்குகிறார்களா? பேச்சாளர் பிரிப்புக்குக் கூடுதல் உண்டா? ஒரு கோப்புக்கு நீள வரம்பும் அளவு வரம்பும் என்ன? 16 கிலோஹெர்ட்ஸ் ஒற்றைச் சேனல் வேவ் கோப்பு மணிக்குச் சுமார் 115 எம்பி வரும். கோப்புக்கு 25 எம்பி வரம்பு வைத்திருக்கும் சேவைகளும் உண்டு. அங்கே பதிவை வெட்ட வேண்டியிருந்தால் மௌனம் உள்ள இடத்தில் வெட்டுங்கள், சொல்லின் நடுவே வேண்டாம்.

சொந்தக் கணினியில் ஓட்டுவது இலவசம் என்றாலும், ஒரு மணி நேரப் பதிவுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று அளந்து எழுதுங்கள். விஸ்பர் தமிழ் எழுத்துகளை உள்ளே பல துண்டுகளாக உடைத்துக் கையாள்வதால், அதே நீள ஆங்கிலப் பேச்சைவிடத் தமிழ் மெதுவாகவே ஓடும். இரவில் ஓட்டிவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்றால் வேகம் ஒரு பொருட்டே இல்லை.

12. சந்தாவுக்கு முன் ஒரு முழுப் பதிவு

பத்து நிமிட மாதிரியில் வென்ற மென்பொருளுக்கு, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் உண்மையான பதிவு ஒன்றைக் கொடுங்கள். நீண்ட கோப்பில்தான் சில குறைகள் வெளியே வரும்: நேரக்குறி மெல்ல மெல்லப் பின்தங்குவது, நடுவில் ஒரே வரி சுற்றிச்சுற்றி வருவது, பேச்சாளர் 1 பாதியில் பேச்சாளர் 3 ஆவது. முழுவதையும் திருத்த வேண்டாம். தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடங்களில் ஐந்தைந்து நிமிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

அது தேறினால் மாதச் சந்தாவாக எடுங்கள். ஆண்டுச் சந்தாவின் தள்ளுபடி கண்ணை இழுக்கும். ஆனால் இந்தத் துறையில் ஆண்டுக்குள்ளேயே வரிசை மாறுகிறது. விஸ்பரிலேயே 2022 டிசம்பரில் லார்ஜின் இரண்டாம் பதிப்பும் 2023 நவம்பரில் மூன்றாம் பதிப்பும் வந்தன. புதியது எல்லா மொழியிலும் எல்லா ஒலியிலும் பழையதைவிடச் சிறப்பாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது.

மொழி, மாடல் அளவு, சொற்பட்டியல், மௌனம் தாண்டும் வசதி என எந்த அமைப்பில் வெற்றி கிடைத்ததோ அதை விரிதாளில் எழுதிவையுங்கள். மாதிரித் துண்டுகள், விடைத்தாள், ஒவ்வொரு மென்பொருளின் வெளியீடு எல்லாவற்றையும் தேதியோடு ஒரே கோப்புறையில் வையுங்கள். கிளவுட் சேவைகள் உள்ளே இருக்கும் மாடலை மாற்றும்போது பயனருக்குத் தெரியாமலே போகலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறையோ, திருத்தும் நேரம் கூடுவதாகத் தோன்றும்போதோ, அதே பத்து நிமிடத்தை மறுபடி ஓட்டி ஒப்பிடுங்கள். விடைத்தாள் ஏற்கெனவே கையில் இருப்பதால் இந்த முறை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும்.